வீட்டுக்கு ஒரு சஹன்

சென்ற மாதம் என் பழைய பணிமனையிலிருந்து ஒரு தம்பி தொலைபேசியில் கூப்பிட்டார். நான் இருந்த இடத்தில் இப்போது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக இருப்பவர். இன்னொரு பெருந்தொற்று வந்தால் சிறு வியாபாரங்களை எப்படிப் பாதுகாப்பாகத் திறப்பது என்று புதிதாக வழிகாட்டல் எழுதப் போகிறார்களாம். அதற்காகப் பழைய கோப்புகளைக் கிளறச் சொல்லியிருக்கிறார்கள்.

"சேர், உங்கட கையெழுத்தோட ஒரு அனுமதிக் கடிதம் கிடக்கு. அதில சிவப்பு மையால 'வீட்டில் எத்தனை பேர்?' எண்டு எழுதி ரெண்டு கோடு அடிச்சிருக்கு. அது என்ன சேர்?"

"அது நான் விட்ட பிழை தம்பி" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு, "அப்ப அதையே எழுதித் தாங்களன்" என்றார். ஓய்வுபெற்றவனிடம் எழுதித் தா என்று கேட்டால் மாட்டேன் என்பானா? எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். காத்தான்குடியிலிருந்து அதிக தூரமில்லை, வாவிக்கரையில் இருக்கிறது, அது போதும். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் பிழையை மாற்றவில்லை.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. களுத்துறையில் இருந்து படித்தேன், சிங்களம் பழகினேன், வீட்டுக்குக் கடிதம் எழுதினேன். மிச்சத்தை நான் முதலில் வேலை பார்த்த கதிரவெளியும் வெல்லாவெளியும் கற்றுத் தந்தன. வெல்லாவெளிப் பக்கம் வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், நடந்து போய்க் கிணறுகளுக்குக் குளோரின் போடுவேன். யானைக்கும் பயம், கிணற்றுக்காரரின் ஏச்சுக்கும் பயம். யானையாவது சில நாள் வராது.

அதற்குப் பிறகு என் உத்தியோக வாழ்க்கையின் பெரும்பகுதி ஒரு தட்டோடு சண்டை பிடித்ததிலேயே போனது. தேத்தண்ணிக் கடையில் மேசைக்கு மேசை வைப்பார்களே, ரோல்ஸ், பற்றிஸ், வடை எல்லாம் அடுக்கிய பலகாரத் தட்டு, அதைத்தான் சொல்கிறேன். வருகிறவர் ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, விருப்பமானதைத் தின்றுவிட்டுப் போவார். மிச்சம் அடுத்த மேசைக்குப் போகும். நான் வந்தால் தட்டு உள்ளே போகும். என் மோட்டார் சைக்கிள் சந்தி திரும்பியதும் வெளியே வரும். கொரோனா வந்து ஒரே ஒரு சுற்றறிக்கையோடு அந்தத் தட்டு காணாமல் போனது. எனக்கு உள்ளுக்குள் சந்தோசம் வந்ததை ஏன் மறைக்க வேண்டும்? வழிகாட்டலைக் கையில் வைத்திருந்தால் எதையும் சரிக்கட்டலாம் என்ற மிதப்பும் அப்போதுதான் வந்தது.

ஊர் இரண்டாவது முறை அடைபட்டுத் திறந்த காலம். ஒவ்வொரு கடைக்கும் நான் போய்ப் பார்த்து, நிபந்தனை எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் கதவு திறக்கலாம். சலூன்காரர், தையல்காரர், பேக்கரிக்காரர் என்று எல்லாரும் என் மேசைக்கு முன்னால் நின்றார்கள். ஆனால் இறுதி முடிவு எங்கள் சுகாதார வைத்திய அதிகாரியுடையது. அவர் ஒரு பெண்மணி, என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எந்த விசயத்தைக் கொண்டுபோனாலும் முதலில் ஒரே வசனம்தான்: "படம் கீறி வாங்க, மிஸ்டர் தவராசா."

படம் இல்லாமல் அவர் கதைக்க மாட்டார். கடையின் வாசல், மேசை, கிணறு, கழிப்பறை எல்லாவற்றையும் கீறிக் கொண்டுபோய் வைக்க வேண்டும். பென்சிலை எடுத்து, ஆள் வருகிற வழியில் ஒரு கோடு இழுப்பார். சாமான் போகிற வழியில் இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைப்பார். சலூனில் அந்தப் புள்ளி முகம் துடைக்கிற துவாயில் விழுந்தது. தையல் கடையில் அளவு நாடாவில் விழுந்தது. "இந்தப் புள்ளிய எடுங்க, கடையத் திறங்க" என்பார். இருபது பக்க வழிகாட்டலை அவர் அந்தப் பென்சிலுக்குள் அடக்கி வைத்திருந்தார். எனக்கு அவரில் பெரிய மரியாதை. கொஞ்சம் பயமும் இருந்தது.

அப்போதுதான் மீராலெவ்வைக் காக்கா வந்தார். அங்கே மூத்த ஆண்களைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பகுதியில் கலியாணச் சமையல் என்றால் அவர்தான். வாவி ஓரத்தில் பெரிய சமையல் கொட்டில், ஆள் உயரக் கிடாரங்கள், சுவரோரம் அடுக்கிய சஹன்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சஹன் என்பது பெரிய வட்டத் தட்டு. முஸ்லிம் வீட்டு விருந்தில் ஆறு பேர் அதைச் சுற்றிப் பாயில் இருந்து, நடுவில் குவித்த சோற்றை ஒன்றாகச் சாப்பிடுவார்கள். ஆறு பேர் சேராத சஹனில் யாரும் கை வைக்க மாட்டார்கள். விருந்து வீட்டுக்காரர் "இஞ்ச ஒராள் குறையுது, வாங்க" என்று வாசல்வரை போய் ஆளைக் கூட்டிக்கொண்டு வருவார்.

நோய்க் காலத்தில் இதற்கு எப்படி அனுமதி கொடுப்பது? வழிகாட்டலில் ஒரே வரியில் இருந்தது: பொதுப் பாத்திரத்தில் பரிமாறக் கூடாது, தனித்தனிப் பொதியாகக் கொடுக்க வேண்டும்.

"பெட்டியில அடைச்சுக் குடுக்கிறதுக்கு நான் எதுக்கு சேர்?" என்றார் காக்கா. "அத பேக்கரியும் குடுக்கும். எனக்கிட்ட வேலை செஞ்ச ஏழு பேரும் இப்ப வாவியில தூண்டில் போடுறானுகள். சஹன் இல்லாட்டி எனக்குத் தொழில் இல்ல. கிட்டடியில ஒரு கலியாணம் வருது, இருபத்திரண்டு வீட்டுக்கு விருந்து."

சஹனைப் படமாகக் கீறிக் கொண்டுபோனேன். டொக்டர் ஆறு பக்கமிருந்தும் கோடு இழுத்தார். பென்சிலை நடுவில் வைத்தவர் எடுக்கவில்லை. "இது முழுக்கப் புள்ளிதானே, மிஸ்டர் தவராசா."

இரண்டு நாள் யோசித்தேன். ஒரு வீட்டுக்காரர் எப்படியும் ஒரே பானையில் தின்று, ஒரே அறையில் மூச்சு விடுகிறவர்கள். வழிகாட்டலும் ஒரே வீட்டார் ஒன்றாக இருக்கலாம் என்றுதான் சொன்னது. அப்படியானால் ஆட்களைச் சஹனுக்குக் கூப்பிடாமல் சஹனை ஆட்களிடம் அனுப்பினால் என்ன? வீட்டுக்கு ஒரு சஹன். சமைப்பது கொட்டிலில். மூடிக் கட்டி ஓட்டோவில் கொண்டுபோய்க் கடப்படியில், அதாவது வேலி வாசலில், ஒரு முக்காலியில் வைத்துவிட்டுப் பின்னால் போய் நிற்க வேண்டும், வீட்டார் எடுக்க வேண்டும். வளவுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. சாப்பிட்ட சஹனைக் கழுவி மறுநாள் அதே முக்காலியில் வைக்க வேண்டும். திரும்பி வந்ததும் கொதிக்கிற கிடாரத்தில் போட வேண்டும். இருபத்திரண்டு வீட்டுக்கும் படம் கீறினேன். என் வாழ்நாளில் நான் கீறிய அழகான படம் அதுதான்.

டொக்டர் அதை நீண்ட நேரம் பார்த்தார். கோடு இழுத்தார். புள்ளி எங்கும் விழவில்லை.

"ஒரு வீட்டில எத்தனை பேர்?" என்று கேட்டார்.

"வீட்டுக்கு ஒரு சஹன் டொக்டர்" என்றேன்.

அது அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. அவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும், தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. அவர் கதைத்து முடிக்கிறபோது நான் கடிதத்தையும் பேனாவையும் முன்னால் வைத்துவிட்டேன். அவர் ஒப்பமிட்டார். எனக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

கலியாண நாள் காலையில் கொட்டிலுக்குப் போனேன். நெய்ச்சோற்று மணம் முகக்கவசத்தையும் தாண்டி வந்தது. காக்கா என்னைக் கண்டதும் ஓடி வந்து இரண்டு மீற்றரில் நின்றார். சட்டம் தெரிந்த மனிசன்.

"சேர், இன்டைக்கு எனக்கு ரெண்டு பெருநாள். மகளுக்கு ஆம்புளப் பிள்ளை கிடைச்சிரிக்கி. ஆஸ்பத்திரிக்குள்ள ஒருத்தரயும் விடல்ல, நான் இன்னும் முகம் பாக்கல்ல. பின்னேரம் ஆஸ்பத்திரியில துண்டு வெட்டி விட்டதும் வீட்டுக்கு வாறா. கடைசிச் சஹனக் குடுத்திட்டு ஒரே ஓட்டம்தான்."

ஓட்டோக்கள் போய் வந்தன. ஒவ்வொரு கடப்படியிலும் முக்காலியில் சஹன் ஏறியது, இறங்கியது. ஒரு வீட்டில் கூட யாரும் வாசலைத் தாண்டி வரவில்லை. பதினெட்டு வீடுவரை நான் பின்னால் போய்ப் பார்த்தேன். திருப்தி வந்தது, பசியும் வந்தது, வீட்டுக்குப் போய்விட்டேன். கடைசி நாலு வீட்டை நான் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் அலியார் ஹாஜியாருக்குக் காய்ச்சல். அங்கேயே எடுத்த விரைவுப் பரிசோதனையில் பொசிட்டிவ். இருபத்திரண்டாவது வீடு அவருடையது. நான் போனேன். வீட்டில் அவர், மனைவி, மகள், மருமகன், மருமகனின் தம்பி என்று ஐந்து பேர். சஹனில் யார் யார் இருந்தது என்று கேட்டேன். "நாங்க அஞ்சு பேரும்தான்" என்றார் ஹாஜியார், என் முகத்தைப் பார்க்காமல். அவரைச் சிகிச்சை நிலையத்துக்கு ஏற்றினோம். மற்ற நாலு பேரையும் வீட்டோடு தனிமைப்படுத்தி வாசலில் அறிவித்தல் ஒட்டினேன்.

அந்தக் காலத்தை மறந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அப்போது இந்த நோயில் இறந்தவர்களை அடக்கம் செய்ய அனுமதி இல்லை, எரிக்கத்தான் வேண்டும். அந்த ஊரில் அது என்ன பயம் என்று நான் விளக்கத் தேவையில்லை. காய்ச்சல் என்று வாய்விட்டுச் சொல்லவே ஆட்கள் அஞ்சினார்கள். நானோ அந்தச் சட்டத்தின் பக்கத்தில் சீருடையோடு நின்றவன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

மறுநாள் காலை ஹாஜியார் சிகிச்சை நிலையத்திலிருந்து எனக்கு அழைத்தார். மூச்சு வாங்கியது.

"சேர், அஞ்சு பேர் எண்டு நான் சொன்னது பொய். அந்தப் பொய்யோட எனக்குப் படுக்க ஏலாம இரிக்கி. ஆறு பேர் இருந்தம்."

"ஆறாவது ஆள் யாரு ஹாஜியார்?"

"அத மட்டும் கேக்காதீங்க. ஒராள் குறையுது வாங்க எண்டு கையப் புடிச்சு இருத்தினது நான். என்ட சஹன்ல கை வெச்ச மனிசன நானே காட்டிக் குடுக்கவா? நீங்க தனிமைப்படுத்தல் முகாம் பஸ்ஸில ஏத்திருவீங்க." அழைப்பு துண்டிக்கப்பட்டது.

எத்தனை பேர் என்று டொக்டர் கேட்டது அப்போதுதான் என் காதில் விழுந்தது. ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆறு பேரின் சஹனை அனுப்பினால் அந்த ஊர் மனிசன் என்ன செய்வான்? ஆறாவது ஆளைத் தேடுவான். வேறு என்ன செய்வான்? இத்தனை வருடம் அந்த ஊர்ச் சோற்றைத் தின்ற எனக்கு இது தெரியாதா? படத்தில் கிணறு இருந்தது, முக்காலி இருந்தது, ஆட்களின் எண்ணிக்கை இல்லை.

டொக்டரிடம் சொன்னேன். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "பின்னேரம் நாலு மணி வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள அந்த ஆள் கிடைக்காட்டி முழுக் குறிச்சியையும் மூடத்தான் வேணும். எனக்கு வேற வழி இல்ல, மிஸ்டர் தவராசா."

ஹாஜியாரின் வீடும் கடைகளும் இருந்த அந்தக் குறிச்சியில் மூன்று கிழமைக்கு முன்னர்தான் நான் ஒவ்வொரு கடையாகத் திறந்து வைத்திருந்தேன். தையல்காரரின் மெசின் சத்தம் கேட்டுக்கொண்டே ஹாஜியாரின் அயல்வீடுகளுக்குப் போனேன். ஒன்பது வீடு. "வல்லாஹி, நாங்க அங்க போகல்ல சேர்." ஒன்பது வீட்டிலும் இதே சத்தியம். யாரையும் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. ஒரு வீட்டில் நான் கொஞ்சம் கடுமையாகக் கதைத்துவிட்டேன். அந்த அம்மா அழுதது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

மணி மூன்று தாண்டிவிட்டது. கடைசியில், அந்த வீட்டுக்குச் சஹனைக் கொண்டுபோன ஓட்டோக்காரர் யாரென்றாவது கேட்போம், அவர் எதையாவது கண்டிருப்பார் என்று சமையல் கொட்டிலுக்குப் போனேன். ஆட்கள் யாருமில்லை. அடுப்பு அணைந்து கிடந்தது. உள்ளே பாயில் ஒருவர் எழும்பி உட்கார்ந்தார்.

"சேர், அங்கயே நில்லுங்க! கிட்ட வராதீங்க!"

மீராலெவ்வைக் காக்கா. தாடி சிக்குப் பிடித்து, கண் உள்ளே போய் இருந்தார். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

"நீங்களா காக்கா?"

"கடைசிச் சஹன நானேதான் கொண்டுபோனன். அவர் கடப்படிக்கு வந்து கையப் புடிச்சிட்டார் சேர். வாப்பாட வயசு மனிசன், எப்படி உதறுற? ரெண்டு வாய் தின்னிட்டு எழும்புவம் எண்டுதான் இருந்தன். அப்ப ஹாஜியார் சொன்னார், 'என்ன காக்கா, இன்டைக்கு நெய் குறைச்சிட்டீங்களா, மணத்தக் காணல்ல' எண்டு. நான் நெய் குறைக்கல்ல சேர். முகத்துக்கு முன்னால அப்படி மணக்குது. அந்த மனிசனுக்கு மட்டும் மணக்கல்ல. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில சொன்னாங்களே, மணம் போனா இந்த நோய் எண்டு. எனக்கு அந்த வாய்ச் சோறு தொண்டையில நிண்டிட்டு."

அங்கிருந்து எழும்பியவர் வீட்டுக்குப் போகவில்லை. யாரையும் கிட்ட எடுக்காமல் வேலையாட்களைத் தூரத்திலிருந்தே அனுப்பிவிட்டுக் கொட்டிலிலேயே இருந்துவிட்டார். வேலிக்கு அடுத்த பக்கம்தான் அவர் வீடு. மகள் பிள்ளையோடு வந்து இறங்கியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறார். துணியால் சுற்றிய பொதிதான் தெரிந்ததாம். வீட்டுக்காரர் சோற்றைக் கடப்படியில் வைத்துவிட்டுப் போவார்கள்.

எனக்குக் கோபம் பொங்கியது. "நாலு நாள் காக்கா! நாலு நாள் வாயத் திறக்காம இருந்திருக்கிறீங்க! ஒரு போன் கோல் எடுத்திருக்கக் கூடாதா? குறிச்சியையே மூடப் போறாங்க, தெரியுமா?"

"பயந்திட்டன் சேர். என்னக் கொண்டுபோனா, அங்க மவுத்தாகினா..." சாவுக்குப் பிறகு நடப்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "மற்றது, அந்தக் கடிதத்தில உங்கட கையெழுத்து இரிக்கி. நான் சட்டத்த மீறினது தெரிஞ்சா உங்கட உத்தியோகம் போயிரும் எண்டு நினைச்சன். ஓய்வுக்கு ஒரு வருசம் கூட இல்லண்டு நீங்கதானே சொன்னீங்க."

பிழையை விட்டவன் நான். அவர் அதற்காக அங்கே பாயில் கிடந்திருக்கிறார்.

டொக்டருக்குத் தொலைபேசி எடுத்தேன். "படம் கீறி அனுப்புங்க" என்றார். ஒரு சோற்றுப் பொதிக் கடதாசியின் பின்பக்கத்தில் கீறினேன். தனிக் கிணறு, தனிக் கழிப்பறை, கடப்படி, சோறு வைக்கும் இடம். புகைப்படம் எடுத்து அனுப்பினேன். ஐந்து நிமிடத்தில் அவர் அழைத்தார்.

"அந்தச் சஹனுக்குப் பிறகு இவர் ஒருத்தரையும் தொடல்லத்தானே? திருப்பிக் கேளுங்க."

கேட்டேன். காக்கா தனக்குச் சோறு வந்த சட்டியைக் கூடத் திருப்பிக் கொடுக்கவில்லை. நாலு சட்டியும் மூலையில் அடுக்கி இருந்தன.

"அப்ப குறிச்சிய மூடத் தேவையில்ல. அவர் அங்கயே இருக்கட்டும். பதினாலு நாள். பஸ் இல்ல எண்டு அவருக்கு விளங்கச் சொல்லுங்க."

சொன்னேன். காக்கா உடுத்திருந்த சாரத்தால் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

பணிமனைக்குத் திரும்பி டொக்டருக்கு முன்னால் நின்றேன். "எத்தனை பேர் எண்டு நீங்க கேட்டீங்க. நான் பதில் சொல்லல்ல" என்றேன். அவர் என் அனுமதிக் கடிதத்தை எடுத்து, அந்தக் கேள்வியைச் சிவப்பு மையால் எழுதி, கீழே இரண்டு கோடு இழுத்தார். "நானும் ரெண்டாந்தரம் கேக்கல்ல" என்றார். "ஒரு கோடு உங்களுக்கு, ஒரு கோடு எனக்கு. இனி ஆளுக்கேத்த அளவுத் தட்டு. எழுதுங்க." கடிதத்தை என் பக்கம் தள்ளினார். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

காக்காவின் முதல் பரிசோதனை முடிவு வர மூன்று நாள் எடுத்தது. அந்த மூன்று நாளும் நான் சாப்பிட்டது எனக்கு ஞாபகமில்லை. தொற்று இல்லை என்று வந்தது. டொக்டர் நம்பவில்லை, பதினாலாம் நாளுக்கு முன் இன்னொன்று எடுக்கச் சொன்னார். இதற்கிடையில் ஹாஜியார் சுகமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் வீட்டில் மருமகனுக்கு மட்டும் தொற்று வந்து போனது. வேறு ஒரு வீட்டுக்கும் போகவில்லை. மற்ற இருபத்தொரு சஹன் போன வீடுகளில் ஒருவர் தும்மினார் என்றாலும் நான் ஓடிப் பார்த்தேன். எல்லாம் வாவிக் காற்றுத் தடிமன்.

இரண்டாவது முடிவும் நல்லதாக வந்த அன்று விடுவிப்புக் கடிதத்தை நானே கொண்டுபோனேன். வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், மனம் கேட்கவில்லை. காக்கா குளித்து வெள்ளைச் சாரம் உடுத்தி, கொட்டில் வாசலுக்கு உள்ளே நின்றார். வெளியே வரவில்லை. எதிரே கடப்படியில் மகள் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றாள். அவளும் உள்ளே வரவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

கடிதத்தை வாசித்தேன். இலக்கம், திகதி, "மேற்படி நபர்" எல்லாவற்றையும் விடாமல் வாசித்தேன். முடிந்ததும் காக்கா இரண்டு கையையும் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவினார். பிறகு ஈரக் கையோடு அப்படியே நின்று கேட்டார்:

"சேர், தூக்கலாமா?"

அந்த ஒரு வருடமாக நான் அந்த ஊரில் சொன்னதெல்லாம் கூடாது, வேண்டாம், தள்ளி நில்லுங்க, தொடாதீங்க என்பதுதான். மனிசர் என்னிடம் அனுமதி கேட்டபோதெல்லாம் வழிகாட்டலைப் புரட்டினேன். அன்றைக்கு எதையும் புரட்டவில்லை.

"தூக்குங்க காக்கா" என்றேன். அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போல, அசையாமல் நின்றார். முகக்கவசத்தைக் கீழே இழுத்துவிட்டு இன்னொரு தரம் சொன்னேன். "தூக்குங்க."